கேட்டால்தான் பண்டிகை

ரெஹோவோத்,
இஸ்ரேல்.

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தான். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடு. என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டால் பேச்சை மாற்று. நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். இங்கே சூப்பர் மார்க்கெட்டில் பிரெட், பிஸ்கட், நூடுல்ஸ் அலமாரிகளை எல்லாம் வெள்ளைத் தாள் சுற்றி மூடிவைத்திருக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு, "மாமா ஊர்ல பிரெட் என்ன தப்பு பண்ணுச்சு?" என்று சின்னவள் கேட்கிறாளாம். "அது யூதங்க பண்டிகை, உனக்கெதுக்கு?" என்று அத்தான் முடித்துவிட்டாராம். பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி நாலு வரி எழுதி அனுப்பு என்கிறாய். நாலு வரிக்குள் அடங்காது என்பது ஒருபக்கம் இருக்கட்டும், கேட்காத பிள்ளைக்கு அதை எழுதி அனுப்பவே கூடாது என்பது என் கட்சி. பைபிளில் பஸ்கா என்று வருமே, அந்தப் பண்டிகைதான் இது. இதில் பிள்ளை முதலில் வாயைத் திறந்து ஏன் என்று கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பெரியவர்களுக்குப் பேச்சு. அந்த ஒரு 'ஏன்' வருவதற்காக வீட்டையும் கடையையும் கொஞ்சம் தாறுமாறாக்கி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். சின்னவள் கேட்டுவிட்டாள். முறைப்படி பார்த்தால் அத்தான் பண்டிகையைக் கெடுத்திருக்கிறார்.

கதையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், பெரியவன் கான்வென்ட்டில் கேட்டிருப்பான். யூதர்களின் முன்னோர் எகிப்தில் அடிமைகளாகக் கிடந்து செங்கல் அறுத்தார்கள். மோசே வந்து ஜனங்களை விடச் சொன்னார், பார்வோன் மாட்டேன் என்றான், பத்து வாதைகள் வந்தன, கடைசியில் இரவோடு இரவாகக் கிளம்பினார்கள். பிசைந்த மாவு புளிக்கக்கூட நேரம் இல்லாமல் அப்படியே சுட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். அதன் நினைவாக ஏழு நாள், இஸ்ரேலுக்கு வெளியே எட்டு நாள், புளித்த மாவுப் பண்டம் எதுவும் ஆகாது. யூதர் காலண்டரின் நீசான் மாதப் பௌர்ணமியில் ஆரம்பம். நம் காலண்டரில் பெரும்பாலும் பங்குனி உத்திரத்தை ஒட்டி விழும், சில வருடம் சித்ரா பௌர்ணமிக்குத் தள்ளிப்போகும். முதல் ராத்திரி குடும்பமே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஹகதா என்கிற புத்தகத்தை வாசித்தபடி நடத்தும் விருந்துக்குச் செடர் என்று பெயர். கதையை மட்டும் சொல்வதென்றால் கால் மணி நேரம் போதும். செடரோ நடுராத்திரி வரை போகிறது. மிச்ச நேரத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் இது யாருக்கான பண்டிகை என்று தெரியும்.

பழைய நூல்களிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. நாளைக்கு உன் பிள்ளை வந்து இதெல்லாம் என்ன என்று கேட்பான், அப்போது இப்படிச் சொல் என்கிற பேச்சு யாத்திராகமத்தில் இரண்டு இடத்திலும் உபாகமத்தில் ஓரிடத்திலும் வருகிறது. சட்டம் எழுதுகிறவர்கள் இந்தக் கேள்வியைத் தொந்தரவாக நினைக்கவில்லை, எதிர்பார்த்தே எழுதியிருக்கிறார்கள். பிற்பாடு வந்த ரபிகள் என்கிற யூத குருமார்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டுக்காரரான ரபி அகிவா பண்டிகைக்கு முன்பாகப் பிள்ளைகளுக்கு வறுத்த தானியமும் அக்ரூட்டும் வாரிக் கொடுப்பாராம். பிரியத்தினால் மட்டும் இல்லை, ராத்திரி தூங்கிவிடாமல் கொறித்துக்கொண்டே விழித்திருந்து கேள்வி கேட்கட்டும் என்றுதான். அந்தக் காலத்தில் சாப்பாடு வைத்த சின்ன மேசையைச் சாப்பிடுவதற்கு முன்பே தூக்கிக்கொண்டு போய்விடும் வழக்கம் ஒன்றும் இருந்தது. பாபிலோனில் ரப்பா என்ற குருவின் வீட்டில் அப்படித் தூக்கியபோது அபாயே என்கிற பையன், இன்னும் நாம் சாப்பிடவே இல்லையே, அதற்குள் ஏன் எடுக்கிறார்கள் என்று பதறிவிட்டான். குரு கோபிக்கவில்லை. வழக்கமான கேள்விகளை வாசிக்கும் வேலையை நீ மிச்சம் பண்ணிவிட்டாய் என்றார். அந்தப் பையன் பின்னாளில் பெரிய பண்டிதன் ஆனான், அது வேறு கதை. விருந்து தொடங்கும் முன் ஒரு துண்டு கீரையையோ உருளைக்கிழங்கையோ உப்புத் தண்ணீரில் தோய்த்துத் தின்கிறார்கள். அடிமைகளின் கண்ணீர் என்று இப்போது விளக்கம் சொல்வார்கள். ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த தால்முத் என்ற நூலில் தேடினால், ஒரு தடவை போதாமல் ஏன் இரண்டு தடவை தோய்ப்பது என்பதற்குப் பிள்ளைகள் கவனிக்கட்டும் என்ற ஒரு பதில்தான் கிடைக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் சட்டங்களைத் தொகுத்த மைமோனிடெஸும், பிள்ளைகள் பார்த்துக் கேட்பதற்காக அன்றைக்கு ஏதாவது மாற்றிச் செய்தே ஆக வேண்டும் என்று விதியாகவே எழுதிவைத்திருக்கிறார்.

இப்போது பிரெட் செய்த தப்புக்கு வருவோம். கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் என்கிற ஒருவகைப் பழங்கோதுமை, இந்த ஐந்து தானியத்தின் மாவு தண்ணீர் பட்டுப் பதினெட்டு நிமிடத்துக்குள் வெந்துவிட்டால் மட்ஸா, புனிதம். பத்தொன்பதாவது நிமிடம் ஆகிவிட்டால் ஹமேட்ஸ், வீட்டிலேயே இருக்கக் கூடாது. மட்ஸாவில் உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது, ருசியைப் பற்றி யாரும் பேசுவதும் கிடையாது. நம் சமையலறையை இந்தச் சட்டத்தின்முன் நிறுத்திப் பார். மைதா போச்சு, ரவை போச்சு, சேமியா, சப்பாத்தி மாவு, ஹார்லிக்ஸ் எல்லாம் போச்சு. பீரும் போச்சு (அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இந்த வார்த்தையை விட்டுவிடு). பெருங்காயமும் ஆகாது, ஏனென்றால் டப்பாவில் வருகிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கிறது. பண்டிகை நாட்களில் ஆயிரத்தில் ஒரு பங்கு சேர்ந்திருந்தாலும் தள்ளுபடி கிடையாது. ஐரோப்பாவிலிருந்து வந்த அஷ்கெனாசி யூதர்கள் இது போதாதென்று அரிசி, பருப்பு, பயறு, எள், கடுகு எல்லாவற்றையும் சேர்த்து ஒதுக்கிவிட்டார்கள். தாளிக்கக்கூட வழி இல்லை. ஈராக்கிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் அரிசி சாப்பிடுவார்கள், அதில் கோதுமை மணி கலந்திருக்கிறதா என்று மூன்று தடவை புடைத்துப் பொறுக்கிவிட்டு. அரிசிக்குத் தடை இல்லாததற்குத் தால்முத் சொல்லும் காரணம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. அரிசி மாவு ஊறினால் புளிக்காதாம், கெட்டுத்தான் போகுமாம். தலைமுறை தலைமுறையாக நாம் காலையில் எழுந்து ஆவலோடு மூடி திறந்து பார்க்கும் மாவைப் பற்றி இவ்வளவு பெரிய பண்டிதர்கள் இப்படி ஒரு தீர்ப்பு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மேல்முறையீடு செய்ய இடமும் இல்லை.

சாப்பிடாமல் இருந்தால் மட்டும் போதாது, சொந்தமாகவே வைத்திருக்கக் கூடாது. பாத்திரத்தில் ஊறிப்போனதும் ஆகாது என்பதால் தெருமுனையில் பெரிய அண்டாவில் வெந்நீர் கொதிக்க, சனங்கள் குக்கரையும் கரண்டியையும் கொண்டுவந்து முக்கி எடுத்துப் போகிறார்கள். சரி, பாத்திரத்தை முக்கலாம். மாவு மில்லை எங்கே முக்குவது? பீர் கம்பெனியை என்ன செய்வது? அரசாங்கக் கிடங்கில் நெருக்கடி காலத்துக்கென்று சேர்த்து வைத்த கோதுமை? அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது, யூதரல்லாத ஒருவருக்கு விற்றுவிடலாம். சும்மா வாய்ப்பேச்சு இல்லை, பத்திரம் எழுதி, முன்பணம் வாங்கி முறையாக நடக்கும் விற்பனை. நாட்டுக்குச் சொந்தமான ஹமேட்ஸ் முழுவதையும் தலைமை ரபிகளும் அமைச்சரும் உட்கார்ந்து விற்க, எருசலேமுக்குப் பக்கத்தில் அபு கோஷ் என்ற ஊரைச் சேர்ந்த அரபு ஓட்டல் மேலாளர் ஒருவர் பல வருடங்களாக வாங்கிவந்திருக்கிறார், முன்பணம் ஒருசமயம் இருபதாயிரம் ஷெக்கலாக இருந்தது. பண்டிகை முடிவதற்குள் பாக்கிக் கோடிகளை அவர் கட்டவில்லை என்றால் விற்பனை ரத்து. அவர் ஒருநாளும் கட்டியதில்லை. கட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். வீடுகளிலும் அப்படியே, ரபியிடம் அதிகாரப் பத்திரம் கொடுத்துவிட்டு, ஒரு அலமாரிக்குள் பிஸ்கட்டையும் மைதாவையும் அடைத்து, டேப் ஒட்டி, விற்றாயிற்று என்று எழுதி வைத்துவிடுகிறார்கள். அந்த அலமாரி ஒரு வாரத்துக்கு வேறொருவருடைய சொத்து. வாங்குவதற்கு ஒரே தகுதி யூதராக இருக்கக் கூடாது என்பதுதான், அந்தத் தகுதி எனக்குப் பிறவியிலேயே இருக்கிறது. ஒரு தேசத்து மைதா முழுவதும் ஒரு வாரம் நம் குடும்பத்தின் பெயரில் இருக்கலாம். வெளிநாட்டில் பையன் விஞ்ஞானி என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். விஞ்ஞானிக்கு இந்த வாரம் ஒரு கிலோ ரவை வாங்க வக்கில்லை, ஏனென்றால் தாளை விலக்கிக் கை விட்டு எடுத்தாலும் பில் போடும் கம்ப்யூட்டரே ஏற்காதபடி பூட்டி வைத்திருக்கும் கடைகள் உண்டு.

அக்கா, நீ இங்கே ஒரு கேள்வி போடுவாய் என்று தெரியும். அமைச்சர் உட்கார்ந்து பத்திரம் எழுதுவது பிள்ளைகளுக்காகவா, பெரியவர்கள் தங்கள் கடவுளுக்குப் பயந்து செய்வதைப் பிள்ளை விளையாட்டு என்று நீ எப்படிச் சொல்லலாம் என்பாய். நியாயம்தான். புளித்ததைத் தின்றவன் ஜனத்திலிருந்தே அறுபடுவான் என்கிற கடுமை பைபிளிலேயே இருக்கிறது. 1986-இல் யூதர்கள் வாழும் இடங்களில் ஹமேட்ஸைக் கடைகளில் பார்வைக்கு வைத்து விற்கக் கூடாது என்று சட்டமே வந்தது. மருத்துவமனைக்குள் வருகிறவர்கள் ரொட்டி கொண்டுவரலாமா என்ற தகராறு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 ஏப்ரலில் ஆளுங்கட்சிக் கூட்டணியின் எம்.பி. ஒருவர் அந்தத் தகராறின் நடுவே விலகிப்போக, 61 பேர் ஆதரவில் ஓடிக்கொண்டிருந்த அரசு 60-க்கு இறங்கியது, நவம்பரில் தேர்தல் வந்துவிட்டது. ஆட்சியை அசைக்கிற ரொட்டியை விளையாட்டு என்று நான் சொல்லமாட்டேன். எல்லாமே பிள்ளைகளுக்காக என்று சாதிக்கவும் இல்லை. தடை பழையது, கடுமையானது. அந்தத் தடையைச் சுற்றி மக்கள் காலப்போக்கில் என்னென்ன சேர்த்தார்கள் என்று பார்க்கச் சொல்கிறேன். பண்டிகைக்கு முந்தின ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, மெழுகுவர்த்தி, ஓர் இறகு, ஒரு மரக்கரண்டி, இவற்றோடு வீடு முழுக்க ரொட்டித் துணுக்கு தேடுகிறார்கள். வீட்டைத்தான் வாரக்கணக்கில் கழுவியாயிற்றே, என்ன கிடைக்கும்? கிடைப்பதற்காகப் பத்துத் துண்டு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி முன்கூட்டியே ஒளித்து வைக்கிறார்கள். தேடுவதற்கு முன் சொல்லும் ஆசீர்வாதம் வீணாகக் கூடாது என்பது சட்டக் காரணம். சோபா அடியில் தவழ்ந்து போவது என்னவோ பிள்ளைதான். கிடைத்ததை மறுநாள் காலையில் இறகோடும் கரண்டியோடும் சேர்த்து எரிக்கிறார்கள். நம் போகி மாதிரிதானே என்று அத்தான் சொல்வார். எரிப்பதில் வித்தியாசம் இல்லை. ஆனால் நாம் யாரும் போகிக்கு முந்தின ராத்திரி பத்துப் பழைய துடைப்பத்தை ஒளித்துவைத்து, பிள்ளைகள் கையில் டார்ச்சைக் கொடுத்துத் தேடச் சொல்வதில்லை.

இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. செடரில் கடைக்குட்டிப் பிள்ளை எழுந்து நாலு கேள்வி பாடும். இன்றைக்கு ஏன் மட்ஸா மட்டும், ஏன் கசப்புக் கீரை, ஏன் இரண்டு தடவை தோய்ப்பது, ஏன் எல்லாரும் தலையணையில் சாய்ந்துகொண்டு சாப்பிடுகிறோம் என்று. ஆயிரம் வருடத்துக்கும் மேலாக ஏறக்குறைய இதே கேள்விகள்தான், பிள்ளைகள் பள்ளியில் மனப்பாடம் செய்து வருகிறார்கள். மனப்பாடம் செய்து கேட்பது எப்படிக் கேள்வி ஆகும், அதுவும் ஒரு சடங்குதானே என்று கேட்கலாம். தால்முத்துக்கு அடிப்படையான மிஷ்னா என்ற பழைய சட்ட நூலைத் திறந்தால் இதற்குப் பதில் இருக்கிறது. திராட்சை ரசத்தை இரண்டாவது கிண்ணம் ஊற்றியதும் பிள்ளை கேட்பான், கேட்கும் விவரம் அவனுக்கு இல்லையென்றால் தகப்பன் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று போட்டுவிட்டுத்தான் அங்கே கேள்விகள் வருகின்றன. கேட்கத் தெரியாத பிள்ளைக்குக் கைப்பிடித்துக் காட்டுவதற்காக எழுதியவை அவை. தானாகக் கேட்கிற பிள்ளை இருந்தால் அவை தேவையே இல்லை என்பதைத்தான் ரப்பா அந்தப் பையனிடம் சொன்னார். அப்புறம், மனப்பாடக் கேள்விக்குக் கூலி வேண்டாமா? செடரின் தொடக்கத்தில் ஒரு மட்ஸாவை உடைத்துப் பாதியை ஒளித்துவைப்பார்கள், அஃபிகோமன் என்று பெயர். கடைசியில் அதை ஆளுக்கொரு துண்டு தின்னாமல் விருந்து முடியாது. அது கிடைத்த பிள்ளை, எனக்கு என்ன தருவீர்கள் என்று கேட்டுப் பேரம் பேசிவிட்டுத்தான் கொடுக்கும். சைக்கிள் வரைக்கும் போகிற பேரம் உண்டு. இத்தனை பெரியவர்கள் ஒரு பொடிசிடம் கைகட்டி நிற்கிற ராத்திரியை வெறும் சடங்கு என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

பிள்ளைகளுக்குச் சொல்லக் கூசுகிற இடங்களும் இருக்கின்றன. ஹகதாவில் நாலு விதப் பிள்ளைகள் வருகிறார்கள். விவரமானவன், துஷ்டன், வெள்ளந்தி, கேட்கவே தெரியாதவன். துஷ்டன் கேட்பது இதெல்லாம் உங்களுக்கு எதற்கு என்பதுதான். அதற்கு அவன் பல் மழுங்கும்படி பதில் சொல்லச் சொல்கிறது புத்தகம். கேள்வியைக் கொண்டாடுகிற மேசையில் ஒரு கேள்விக்கு மட்டும் ஏன் அடி? எனக்கும் அது உறுத்துகிறது. ஆனாலும் அவனை எழுப்பி வெளியே அனுப்பவில்லை. ஒவ்வொரு வருடமும் அவனுக்கு அதே மேசையில் இடம் இருக்கிறது, அவன் கேள்வியும் அச்சில் இருக்கிறது. பத்து வாதைகளைச் சொல்லும்போது கிண்ணத்திலிருந்து பத்துச் சொட்டுத் திராட்சை ரசத்தை விரலால் எடுத்து விடுகிறார்கள். எதிரி பட்ட துன்பத்துக்காக நம் சந்தோஷத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறோம் என்பது பரவலாகச் சொல்லும் விளக்கம். பெரியவன் இன்னும் விவரமாகி, விடுதலையைக் கொண்டாடும் பண்டிகைக்கு மேற்குக்கரைப் பாலஸ்தீனர்கள் கடந்துவரும் சோதனைச் சாவடிகளை ஏன் மூடுகிறார்கள் என்று ஒருநாள் கேட்பான். பாதுகாப்புக்கு என்று அரசாங்கம் சொல்கிறது. அந்தப் பதில் போதாது என்று செடர் மேசையிலேயே அப்பாவோடு வாக்குவாதம் செய்கிற யூதப் பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள். அவன் கேட்டால் அதட்டாதே.

ஆகவே நீ செய்ய வேண்டியது சுலபம். இந்தக் கடிதத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிவிடாதே, பாடம் ஆகிவிடும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கிண்ணம் உப்புத் தண்ணீரையும் நாலு துண்டு உருளைக்கிழங்கையும் வைத்துவிட்டு, எதுவும் பேசாமல் நீயும் அத்தானும் தோய்த்துத் தின்னுங்கள். அவர்கள் கேட்டால் சொல். கேட்காவிட்டால் ஈரான், ஆப்கானிஸ்தான் யூதர்கள் செய்வதைச் செய்யலாம். செடரில் பாட்டுப் பாடிக்கொண்டே வெங்காயத்தாளை எடுத்து ஒருவரை ஒருவர் விளாசுகிறார்கள், எகிப்தியன் அடித்த சாட்டையாம் அது. அப்பாவை அடிக்க அனுமதி உண்டு என்று தெரிந்தால் சின்னவள் மொத்த யாத்திராகமத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்வாள். மொராக்கோ வீடுகளில் செடர் பண்டங்கள் வைத்த தட்டை ஒவ்வொருவர் தலைக்கு மேலும் சுற்றுகிறார்கள், அதற்கும் ஏன் என்று கேட்கலாம். ஏன் என்று கேட்க முடியாத ஒரு பொருளும் அந்த மேசையில் இல்லை.

கேட்கப் பிள்ளை இல்லாத வீட்டில்? அதையும் யோசித்திருக்கிறார்கள். மனைவி கேட்க வேண்டும். மனைவியும் இல்லையென்றால் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லாம் கற்ற பண்டிதர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தால் அவர்களும் ஒருவரை ஒருவர் கேட்டே ஆக வேண்டும். மனைவியும் இல்லாதவனுக்கான அந்த விதி, வாடகை அறையில் இருக்கும் நம் ஊர்ப் பையன்களுக்காகவே எழுதியது மாதிரி இருக்கிறது. பண்டிகை ராத்திரி இங்கே பஸ் ஓடாது, கடை இருக்காது, எதிர் வீட்டு ஜன்னலில் இருபது பேர் பாடுவது கேட்கும். மட்ஸாவை வைத்துக்கொண்டு தன்னைத்தானே கேட்க ஆரம்பித்தால் கேள்விகள் நாலோடு நிற்பதில்லை. வெளிநாட்டு மாணவர்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுகிற வழக்கம் இங்கே உண்டு, பசித்தவன் யாரும் வரலாம் என்றுதான் ஹகதாவில் கதை சொல்வதே தொடங்குகிறது. ஆனால் அங்கே போனாலும் நடுராத்திரி வரைக்கும் சோறு வராது.

யாராவது இந்தப் பக்கம் வருகிறார்கள் என்று தெரிந்தால் பெருங்காயம் கொடுத்துவிடு. டப்பாவின் பின்பக்கம் படித்துப் பார்த்து, கோதுமை மாவு சேராத பெருங்காயமாக வாங்கு. அடுத்த பஸ்காவுக்குள் வந்து சேர்ந்தால் போதும்.

அன்புடன்,
உன் தம்பி